போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் நாட்டியமும் நாடகமும் நிறைந்த இம்மாலைப் பொழுதில் மின்சாரத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குப் பாடம் நடத்துவது முறையாகுமா என்னும் ஐயமே அத்தயக்கத்திற்குக் காரணம். ஆயினும், சென்ற கோடையில் நம் காலனியில் ஒரு குழந்தை சொன்ன சொல் ஒன்று நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதன் பொருட்டே இப்பணியை ஏற்றுக்கொண்டோம்.

அவன் நான்கு வயதுச் சிறுவன். வராந்தாவில் வைத்திருந்த கூலரின் அருகே விளையாடிக்கொண்டிருந்தவன் ஓடி வந்து, "பாட்டி, கூலர் கடிக்குது" என்றான். பாட்டி சிரித்தார். "கூலர் கடிக்குமாடா கண்ணா? அதைத் தொடாமே விளையாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாளும் சிறுவன் அதையே சொன்னான். மாலையில் வீடு திரும்பிய தந்தை, செருப்பணிந்த காலோடு கூலரைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை கதை கட்டுகிறான் என்று எண்ணிக்கொண்டார். மூன்றாம் நாள் அவ்வீட்டிற்குச் சென்றிருந்த நாம், டெஸ்டரைக் கூலரின் தகட்டில் வைத்துப் பார்த்தோம். அதன் சிறு விளக்கு சிவந்து எரிந்தது. செருப்பணிந்த தந்தைக்குத் தெரியாத ஒன்றை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற குழந்தை இரண்டு நாளாக அறிந்திருந்தான், சொல்லியும் இருந்தான். நம்பத்தான் ஆளில்லை.

அன்றிரவு இரண்டு வினாக்கள் நம் மனத்தில் எழுந்தன. தந்தையைத் தொடாத மின்சாரம் மகனை மட்டும் ஏன் தொட்டது? வீட்டில் ஃப்யூஸும் எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்சும் இருந்தும் அவை ஏன் வாளாவிருந்தன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண வேண்டுமானால், மின்சுற்று என்பது யாது, மாறுதிசை மின்னோட்டம் என்பது யாது என்னும் அடிப்படைகளை அறிதல் வேண்டும். அவை கடினமானவை அல்ல. வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த எவர்க்கும் விளங்கக் கூடியவையே.

இப்பந்தலின் வாயிலில் தொங்கும் சீரியல் விளக்குச் சரத்தை உள்ளே வரும்போது எல்லோரும் கண்டிருப்பீர்கள். விழாத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அச்சரத்தில் ஒரு வரிசை முழுவதும் அணைந்துவிட்டது. நம் இளைஞர் ஒருவர் ஏணி மீதேறி ஒவ்வொரு விளக்காக அழுத்திக்கொண்டே சென்றார். ஏதோ ஒரு விளக்கு நெகிழ்ந்திருந்தது. அதனை அழுத்தியவுடன் வரிசை முழுவதும் எரிந்தது. ஒன்று நெகிழ்ந்ததற்கு மற்றவை ஏன் அணைய வேண்டும்? மின்னோட்டம் என்பது புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து சேரும் பயணம் என்பதே காரணம். திரும்பும் வழியில் ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டாலும் பயணமே தொடங்குவதில்லை. ஆதலின்தான் அதனைச் 'சுற்று' என்கிறோம். மின்சாரம் விளக்கிற்குள் போய்த் தீர்ந்துவிடுகிறது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். தீர்வது ஆற்றலே; ஓட்டம் தீர்வதில்லை. போன ஓட்டம் அவ்வளவும் திரும்பி வருகிறது. இவ்வொரு செய்தியை மட்டும் இன்று நீங்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்றால் போதும். இனி நாம் சொல்லப் போவன யாவும் இதன் விரிவே.

இச்சுற்றில் மூன்று அளவுகளைக் கண்டுகொள்ள வேண்டும். நம் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்துடன் நீர் உந்தப்படுகிறது. இவ்வுந்துதலைப் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அளவால் குறிப்போம். குழாயில் ஒரு நொடியில் பாயும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம்; அதன் அளவு ஆம்பியர். குழாயின் குறுகலைப் போன்றது மின்தடை. அதன் அளவு ஓம். ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இம்மூன்றையும் இணைக்கிறது: அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். இப்போது குளிருக்கு அஞ்சி நாம் காலை தோறும் போடுகின்ற கீசர் 2,000 வாட் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓட்டத்தை இழுக்கும். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் அதன் தடை ஏறத்தாழ 26 ஓம் என்பது புலனாகும்.

ஒரு பொருள் மட்டும் உள்ள சுற்றிற்கு ஓமின் விதி போதும். வீடு முழுவதும் கிளை கிளையாகப் பிரியும் கம்பிகளுக்குக் கணக்குப் போடுவது எப்படி? அவ்வழியைக் காட்டியவர் குஸ்தாவ் கிர்க்காஃப். 1845-ஆம் ஆண்டில், கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருக்கும்போதே, அவர் இரண்டு விதிகளை வகுத்தார். இன்றளவும் உலகில் எந்த மின்சுற்றைக் கணக்கிடுவதற்கும் அவையே அடித்தளம்.

முதல் விதி: கம்பிகள் கூடும் ஒரு சந்திப்பிற்குள் எவ்வளவு ஓட்டம் வருகிறதோ அவ்வளவே வெளியேற வேண்டும். நம் சங்கப் பொருளாளர் கணக்கைப் போன்றது இது. ஒரு காசு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஓர் எக்ஸ்டென்ஷன் பலகையில் 8.7 ஆம்பியர் இழுக்கும் கீசரையும், 1,000 வாட் தேய்ப்புப் பெட்டியையும் சேர்த்து மாட்டினால், பலகைக்கு வரும் ஒரே கம்பி 13 ஆம்பியரைச் சுமக்க வேண்டும். பலகையில் துளைகள் காலியாக இருக்கின்றன என்பதற்காகக் கம்பியின் வலிமை பெருகிவிடாது. அன்றியும், கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பிளக் உருகுவதும் கம்பி நாறுவதும் இதனால்தான்.

இரண்டாம் விதி: ஒரு சுற்றை முழுவதும் வலம் வந்தால், ஏறிய அழுத்தமும் இறங்கிய அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும். பழநி மலையில் படியேறித் தரிசித்து, அதே படி வழியே அடிவாரத்தில் புறப்பட்ட இடத்திற்கே வந்து நின்றவர், எத்தனை படி ஏறினாரோ அத்தனை படி இறங்கியிருக்க வேண்டுமல்லவா? அதுவேதான். முன்னாளைய சீரியல் சரத்தில் 6 வோல்ட் சிறு விளக்குகள் ஏறத்தாழ 40-ஐ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். 230 வோல்ட் 40-ஆகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் 5.75 வோல்ட் இறங்கியது. வீட்டிலோ விளக்கு, விசிறி, கீசர் யாவும் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே 230 வோல்ட்டைப் பெறுகின்றது. ஒன்று அணைந்தால் மற்றொன்று அணைவதில்லை.

இனி மாறுதிசை மின்னோட்டத்திற்கு வருவோம். டார்ச் விளக்கின் பாட்டரியில் ஓட்டம் ஒரே திசையில் செல்வது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் அத்தகையதன்று. அது ஒரு நொடிக்கு 50 முறை ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் ஆடுகின்றது. அதாவது, நொடிக்கு 100 முறை திசை மாறுகின்றது. அப்படியானால் 'போய்த் திரும்புதல்' என்று நாம் சொன்னது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு கம்பியின் வழியே உள்ளே செல்வதும் மற்றொரு கம்பியின் வழியே வெளியே வருவதும் சமமே. அடுத்த கணம் கம்பிகள் தம் வேலையை மாற்றிக்கொள்ளும், கணக்கு மாறாது. 230 வோல்ட் என்பதும் ஒருவகைச் சராசரியே. ஒவ்வோர் ஆட்டத்திலும் அழுத்தம் சுழியத்திலிருந்து 325 வோல்ட் வரை உயர்ந்து இறங்குகிறது. 230 வோல்ட் நேர்திசை மின்சாரம் ஒரு கீசரில் எவ்வளவு வெப்பம் தருமோ அவ்வளவு வெப்பத்தையே இதுவும் தருவதால் இதற்கு 230 என்று பெயர்.

நேராகச் செல்வதை விட்டு ஆடும் மின்சாரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? விடை தேடி நாம் கோலார் தங்கவயலுக்குச் செல்லலாம். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் குடியேறிய இடம் அது. தாயகத்திற்கு வெளியே தமிழ் ஒலித்த பழைய குடியிருப்புகளுள் ஒன்று. அங்குள்ள ஆழ்சுரங்கங்களுக்கு ஆற்றல் வேண்டியிருந்தது. ஆற்றலோ காவிரியாகச் சிவசமுத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இடைவெளி ஏறத்தாழ 147 கிலோமீட்டர். மைசூர்த் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயர் முன்னின்று தொடங்கிய திட்டத்தின்படி, 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காவிரியின் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அதனைக் காண அவர் இல்லை; 1901-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

அவ்வளவு தொலைவை மின்சாரம் கடந்தது எப்படி? அழுத்தத்தை 35,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். ஆற்றல் என்பது அழுத்தமும் ஓட்டமும் பெருக்கி வருவது. ஆதலின் அழுத்தத்தை உயர்த்தினால், அதே ஆற்றலைக் குறைந்த ஓட்டத்தால் அனுப்பலாம். 230 வோல்ட்டுக்குப் பதிலாக 35,000 வோல்ட் என்றால் ஓட்டம் 152-இல் ஒரு பங்காகிறது. வழியில் வீணாகும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்றோமே. அதே கம்பியில் அவ்வீண்செலவு ஏறத்தாழ 23,000-இல் ஒரு பங்காகிவிடுகிறது. இவ்வாறு அழுத்தத்தை ஏற்றவும், ஊர் வந்தபின் இறக்கவும் உதவுவது டிரான்ஸ்ஃபார்மர் என நாம் வழங்கும் மின்மாற்றி. மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட உண்மையே அதன் உயிர்: ஒரு சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மாறாத ஓட்டம் மாறாத புலத்தையே தரும். அதனால் மின்மாற்றி இயங்காது. ஆகவே, ஆடும் மின்சாரம் வென்றது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அங்கு வந்து சேர்ந்த மின்சாரம் காட்டிய வழியிலேயே இன்று நாடு முழுவதும் ஒளி பெறுகிறது.

மாறுதிசை மின்சாரம் கணக்குப் போடுவோருக்கு ஒரு புதிரையும் வைத்தது. ஒரு சந்திப்பிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன என்று கொள்வோம். ஒன்றில் தேய்ப்புப் பெட்டி. அதில் 3 ஆம்பியர். மற்றொன்றில் தடையற்ற கம்பிச்சுருள். அதில் 4 ஆம்பியர். சந்திப்பிற்கு வரும் கம்பியில் மீட்டரை வைத்தால் 7 ஆம்பியர் காட்ட வேண்டும் அல்லவா? அது 5 ஆம்பியரே காட்டும்! கிர்க்காஃபின் விதி பொய்த்துவிட்டதா? இல்லை.

இங்கே இசையறிந்த தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். தாளம் ஒன்றே, ஆயினும் ஒரு பாட்டு சமத்தில் எடுக்கும், மற்றொன்று சற்றுத் தள்ளி எடுக்கும். மின்னோட்டத்திற்கும் எடுப்பு உண்டு. தேய்ப்புப் பெட்டியில் ஓட்டம் அழுத்தத்தோடு ஒரே சமயத்தில் எழுந்து தாழ்கிறது. கம்பிச்சுருளில், மாறும் காந்தப்புலம் மாற்றத்தையே எதிர்ப்பதால், ஓட்டம் கால் ஆட்டம் பிந்தி வருகிறது. கண்டென்சர் என்னும் மின்தேக்கியிலோ ஓட்டம் கால் ஆட்டம் முந்தி வருகிறது. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றொன்று சுழியத்தில் இருக்கும். ஆதலின் உச்சியும் உச்சியும் கூடுவதில்லை. கிழக்கே 3 மைலும் பின்னர் வடக்கே 4 மைலும் நடந்தவர், புறப்பட்ட இடத்திலிருந்து 5 மைல் தொலைவில் இருப்பதைப் போன்றதே இது. கணத்துக்குக் கணம் கிர்க்காஃபின் கணக்குத் தவறுவதே இல்லை. கூட்டும் முறைதான் திசையறிந்து கூட்டுவதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்டெயின்மெட்ஸ் என்பார், 1893-ஆம் ஆண்டில் சிகாகோவில் கூடிய மாநாட்டில், சிக்கலெண்களைக் கொண்டு இக்கூட்டலை எளிதாக்கும் முறையை விளக்கினார். பொறியியல் மாணவர் இன்றும் பயில்வது அம்முறையே.

இது ஏட்டோடு நின்றுவிடும் செய்தியன்று. நம் கூலர் விசிறியும் கூரை விசிறியும் சுழல்வது இந்த எடுப்பு வேறுபாட்டினால்தான். விசிறி மோட்டாரில் இரண்டு சுருள்கள் உள்ளன. இரண்டிலும் ஓட்டம் ஒரே சமயத்தில் ஏறி இறங்கினால் காந்தப்புலம் ஆடுமேயன்றிச் சுழலாது. ஒரு சுருளோடு கண்டென்சரை இணைத்து அதன் ஓட்டத்தை முந்தச் செய்கிறார்கள், புலம் சுழல்கிறது, விசிறியும் சுழல்கிறது. விசிறி 'உம்' என்று முனகியபடி நின்றுவிட, கையால் தள்ளினால் மட்டும் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கண்டென்சர் சோர்ந்துவிட்டது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

இப்போது குழந்தையிடம் திரும்புவோம். நம் வீட்டுக்கு மூன்று கம்பிகள் உரியன. ஃபேஸ் என்பது அழுத்தத்தைக் கொண்டுவரும் கம்பி. நியூட்ரல் என்பது திரும்பும் வழி. மூன்றாவது எர்த் என்னும் நிலக்கம்பி. தெருமுனை மின்மாற்றியில் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். ஆகையால், ஃபேஸிலிருந்து புறப்பட்ட ஓட்டம் மின்மாற்றிக்குத் திரும்ப இரண்டு வழிகள் உண்டு: ஒன்று நியூட்ரல், மற்றொன்று மண். மண்ணில் நிற்கும் மனிதன் ஃபேஸைத் தொட்டால் அவனே திரும்பும் வழியாகிவிடுகிறான். தந்தையின் ரப்பர்ச் செருப்பு அவ்வழியை அடைத்தது. குழந்தையின் ஈரக்கால் அதைத் திறந்து வைத்தது. முதல் வினாவிற்கு விடை இதுதான்.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கூலரைப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர்ப் பம்பின் கம்பி மேலுறை நைந்து, ஈரத்தின் வழியே தகட்டுக்குச் சிறு கசிவு ஏற்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய பிழை கூலரின் பிளக்கில் இருந்தது. மூன்று முனைப் பிளக் அச்சுவரிலிருந்த துளைகளுக்குப் பொருந்தவில்லை என்று, எப்போதோ யாரோ இரண்டு முனைப் பிளக்கை மாட்டி, எர்த் கம்பியை வெட்டிச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார்கள். அவ்வீட்டாரை நாம் குறை கூறவில்லை. வீடு திரும்பி நம் அறையைச் சோதித்தபோது, அதே போன்ற பிளக் ஒன்று நம் மேசை விசிறியிலும் இருந்தது. நாம் மாட்டியதே அது.

கசிவு சிறிதாக இருந்தமையால் குழந்தை 'கடிக்கிறது' என்று சொல்லும் அளவோடு தப்பினான். மேலுறை முற்றும் கிழிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓமின் விதிப்படி 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் ஓட்டத்தைவிட இது குறைவு. ஆயினும் இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு பகுதியே போதும். ஃப்யூஸும் எம்.சி.பி.யும் எப்போது துண்டிக்கும்? 16 ஆம்பியர், 20 ஆம்பியர் என்று தமக்கு விதித்த அளவை மீறினால்தான். 0.23 ஆம்பியர் கூடுதலாக ஓடுவதை, இன்னொரு விளக்கு எரிகிறது போலும் என்றே அவை கருதும். அவை கம்பியைக் காக்கப் பிறந்தவை. மனிதனைக் காக்க அல்ல. இரண்டாம் வினாவிற்கு விடை இது.

எர்த் கம்பி இருந்திருந்தால்? தகட்டிலிருந்து மண்ணுக்கு அது எளிய வழியொன்றைத் தந்திருக்கும். அவ்வழியின் மொத்தத் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. கணப்பொழுதில் துண்டித்துவிடும். ஆனால், எர்த் குழி காய்ந்து தடை 20 ஓமாக உயர்ந்துவிட்டால் பாய்வது 11.5 ஆம்பியரே; 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, தகட்டில் ஆபத்து நின்றுகொண்டே இருக்கும். எர்த் வேண்டும், அஃது ஒன்றே போதாது.

இவ்விடத்தில்தான் 21 வயது மாணவர் எழுதிய விதி நம் வீட்டு வாயிலில் காவலாக வந்து நிற்கிறது. ஆர்.சி.சி.பி. என்றும், வழக்கில் இ.எல்.சி.பி. என்றும் சொல்லப்படும் கசிவுத் துண்டிப்பானின் உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே அவ்வளையத்தின் ஊடே செல்கின்றன. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாயின், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் உறங்கும். போனதில் ஒரு பங்கு திரும்பாமல், ஓர் உடலின் வழியே மண்ணில் கசிந்துவிட்டால் கணக்கு இடிக்கும், வளையத்தில் மாறும் புலம் எழும், ஃபாரடேயின் உண்மைப்படி அதன் மேல் சுற்றிய சிறு சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், சுவிட்ச் விழும். வீடுகளுக்குரிய கருவியில் இவ்வேறுபாடு 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் 30 பங்கு. அவ்வளவு கசிந்தால், ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்கு நேரத்திற்குள் அது துண்டித்தாக வேண்டும். எவ்வளவு செலவாயிற்று என்று அது கேட்பதில்லை; போனது திரும்பியதா என்று மட்டுமே கேட்கிறது.

அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை அது காப்பாற்றாது. போனது அவ்வளவும் திரும்பிவிடுவதால், அவரையும் ஒரு விளக்கென்றே அது எண்ணும். கருவி கவனத்திற்கு மாற்றாகாது.

ஆகவே, வேண்டுகோள் ஒன்றோடு முடிக்கிறோம். இன்னும் சில திங்களில் கோடை வந்துவிடும். பரணிலும் மொட்டை மாடியிலும் கிடக்கும் கூலர்கள் கீழே இறங்கும். அதற்கு முன் நம் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு செயல்கள் நடைபெற வேண்டும். கூலர், கீசர், துணி துவைக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி ஆகிய உலோக உடல் கொண்ட யாவற்றுக்கும் மூன்று முனைப் பிளக்கும் அறுபடாத எர்த் கம்பியும் உள்ளனவா என்று பார்த்தல் ஒன்று. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தின் தடையை அளந்தறிதல் இரண்டு. கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீட்டில் அதனைப் பொருத்துதலும், உள்ள வீட்டில் அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்தலும் மூன்று. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே கூலருக்குத் தண்ணீர் ஊற்றுதல் நான்கு. யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் கை கொடுத்து இழுக்காதீர்கள்; முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தனியே இருக்கும் முதியோர் வீடுகளுக்கு மின்பணியாளரை உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பை நம் இளைஞர் குழுவினர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

அச்சிறுவன் இப்போது முன் வரிசையில், பாட்டியின் மடியில் அமர்ந்திருக்கிறான். சற்று நேரத்தில் மாறுவேடப் போட்டிக்கு மேடையேறப் போகிறான். அவன் கூறியதை மூன்றாம் நாள்தான் நம்பினோம். இனி எந்த வீட்டிலாவது ஒரு குழந்தை கூலர் கடிக்கிறது, குழாய் கடிக்கிறது, கிரில் கடிக்கிறது என்று சொல்லுமானால், சிரிக்க வேண்டாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவும் வேண்டாம். போன மின்சாரம் திரும்பி வரும் வழியைத் தவறவிட்டது என்று அக்குழந்தை நமக்குச் சொல்கிறது. அந்தக் கணமே பிளக்கைப் பிடுங்குங்கள்.